வீட்டுப் பெயரில் வந்த சான்றிதழ்

எங்கள் தாமான் குடியிருப்பில் யாராவது எதையாவது இலவசமாகத் தருகிறேன் என்று வந்தால், கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துதான் பதில் சொல்வோம். அந்த மஞ்சள் தாளையும் நான் பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்றுதான் படித்தேன். வேலை முடிந்து வந்தபோது கிரில் கம்பிக்கு நடுவே மடித்துச் செருகியிருந்தது.

‘நம் தாமானில் வரவிருக்கும் கலை, கல்வி நிகழ்ச்சிகள்’ என்று மேலே போட்டுக் கீழே ஒரு பட்டியல். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு ஓவியம். அதே நேரம் பக்கத்து அறையில் பெண்களுக்கு அடிப்படைக் கணினி வகுப்பு, ஆறு வாரம். மாலையில் உறுமிமேளம். தீபாவளிக்கு முந்திய வாரம் கோலப் போட்டி. கடைசியில் ஒரு நிறைவு நாள், அதில் நாடகம், ஓவியக் கண்காட்சி, சான்றிதழ் கொடுப்பது. எல்லாம் பாலாய் ராயாவில், எங்கள் பொது மண்டபத்தில். அடியில் ஒரு சொல் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது: இலவசம்.

அந்த மண்டபத்தில் இதற்கு முன்னால் நடந்த இலவசங்களை நான் பார்த்திருக்கிறேன். இலவச உடல் பரிசோதனை என்றார்கள். போனவர்களின் காலை ஒரு நடுங்கும் இயந்திரத்தில் வைத்துவிட்டு, அதை வாங்கும்வரை எழுந்திருக்க விடவில்லை. பிள்ளை வளர்ப்பு பற்றிய பேச்சு என்றார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு காப்புறுதிக்குத் தாவிவிட்டது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் அண்ணன் ஒரு இடத்தில் அதிர்ஷ்டக் குலுக்கல் என்று ஐ.சி.யின், அடையாள அட்டையின், நகலைக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் பெயரில் யாரோ கைப்பேசி எண் வாங்கி ஊரை ஏமாற்ற, அவர் போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஐ.சி. எண்ணை யாருக்கும் சொல்வதில்லை.

வேறொரு சமயமாக இருந்திருந்தால் அந்தத் தாளைக் குப்பையில் போட்டிருப்பேன். ஆனால் அதே வாரம்தான் தொழிற்சாலையில் எங்களைக் கூட்டி வைத்துப் பேசியிருந்தார்கள்.

தெப்ரா தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தட்டுத் தட்டாகச் சாமான் வரும். விளக்குக்கு அடியில் வைத்து, கீறல், வெடிப்பு, நிறம் மங்கல் என்று பார்த்து, தாளில் குறி போட வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை. எனக்கு வலது முழங்கால் சரியில்லை, அரை மணிக்கு மேல் நிற்க முடியாது. அந்த நாற்காலி இருப்பதால்தான் இத்தனை வருடம் வேலையில் இருக்கிறேன்.

சூப்பர்வைசர் என்னைவிட இளையவர், நம் ஆள்தான். அவர் சொன்னார்: “ஜனவரியில இருந்து பேப்பர் கிடையாது. எல்லாம் டேப்லெட். பேசிக் கம்ப்யூட்டர் சர்ட்டிபிகேட் உள்ளவங்க மட்டும் இங்க உக்காரலாம். இல்லாதவங்க பேக்கிங். எங்க வேணும்னாலும் படிங்க, ஆனா உண்மையான சர்ட்டிபிகேட்டா இருக்கணும். ஆபீஸ்ல செக் பண்ணுவாங்க.”

பேக்கிங் பிரிவில் நாற்காலி கிடையாது. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நான் படிவம் மூன்றோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவள். காசு கட்டிப் படிக்கிற இடங்களுக்குப் போய், என் பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் நடுவே உட்கார எனக்குத் துணிவில்லை. ஆகவே அந்த மஞ்சள் தாளை மறுபடி விரித்துப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினேன். எனக்குத் தாமானில் நெருக்கமென்றால் அவர் ஒருவர்தான். அவர் வாய்க்குப் பயந்து தபால்காரர்கூட மணி அடிக்காமல் போய்விடுவார்.

“ஃப்ரீயா? எவன் குடுப்பான் ஃப்ரீயா? நம்ம ஆளுங்க சாவு வீட்டுக்கே சாப்பாடு உண்டான்னு கேட்டுட்டுத்தான் வர்றாங்க.”

“எனக்குச் சர்ட்டிபிகேட் வேணும்க்கா.”

“சரி போவோம். நான் படிக்க மாட்டேன், பின்னால உக்காந்து காவல் பாக்கறேன். எவனாச்சும் தண்ணி ஃபில்டர வெளிய எடுத்தான்னா ரெண்டு பேரும் எந்திரிச்சு ஓடி வந்துரலாம்.”

முதல் சனிக்கிழமை ஒன்பது பெண்கள் வந்திருந்தோம். அக்காவைச் சேர்த்தால் பத்து. மேசையில் பழைய மடிக்கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மூடியிலும் எண் ஒட்டியிருந்தது. எனக்கு நான்கு. சொல்லிக்கொடுக்க வந்தவள் முப்பது வயதுப் பெண். சிங்கப்பூரில் வேலை, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வருகிறவள். எல்லாரும் அவளை டீச்சர் என்றோம். அவளோடு இதையெல்லாம் நடத்துகிற சங்கத்தின் தலைவர் இருந்தார். அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து மனிதர், மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வந்தவர்களை விட்டுவிட்டு விளக்குகளையும் மின்விசிறிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் சம்பளம் வாங்குகிற பெண் எதற்குச் சனிக்கிழமையை எங்களுக்குக் கொடுக்கிறாள்? இந்த மனிதர் எதற்கு மின்விசிறியை எண்ணுகிறார்? எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

பதிவுப் புத்தகம் என்னிடம் வந்தது. பெயர், ஐ.சி. எண், கைப்பேசி எண் என்று மூன்று கட்டம்.

எனக்கு இரண்டு பெயர். ரப்பர்த் தோட்டங்களில் பிறந்த என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். நான் பாலோ பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். வீட்டில் ஒரு பெயர் வைத்துக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பிறப்பைப் பதிய அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்காததால், அவருக்கு மேலே வேலை பார்த்த மண்டோர் பட்டணத்துக்குப் போனார். போனவர் தன் குலதெய்வத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அந்தப் பெயர் என் ஐ.சி.யிலும் தொழிற்சாலை அட்டையிலும் மட்டுமே இருக்கிறது. வீட்டிலும் கோயிலிலும் தாமானிலும் ஒருவரும் அதைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை.

புத்தகத்தில் வீட்டுப் பெயரை எழுதினேன். அது பொய்யில்லையே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐ.சி. கட்டத்தைக் காலியாக விட்டேன். கைப்பேசி எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றிப் போட்டேன். அது பொய்தான்.

முதல் வாரம் மவுஸைப் பிடிப்பதிலேயே போயிற்று. இரண்டாம் வாரம் தட்டச்சு. ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் திரையில் தமிழாக மாறி வந்தது. அன்றைக்கே டீச்சர் ஒரு கோப்புக்கு எப்படிக் கடவுச்சொல் போடுவது என்று காட்டினாள். “நீங்க போட்டுட்டா அதை வேற யாரும் தொறக்க முடியாது. நானே முடியாது” என்றாள். அந்த வகுப்பில் எனக்கு முதலில் பிடித்துப்போன பாடம் அதுதான். அன்றிலிருந்து எதைச் செய்தாலும் பூட்டிவிட்டுத்தான் எழுந்தேன்.

“இப்ப ஒரு அட்டவணை போடுங்க” என்றாள் டீச்சர். “மூணு கட்டம். பொருள், எண்ணிக்கை, குறிப்பு. இந்த மண்டபத்துல கண்ணுல படற எதையாவது போட்டுப் பழகுங்க.”

மற்றவர்கள் நாற்காலி, மேசை, மின்விசிறி என்று போட்டார்கள். என் கண்ணுக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது. இத்தனை வருடமாகக் குறை எங்கே என்று பார்த்தே பழகிய கண். மூலையில் நான்கு அட்டைப் பெட்டிகள் ஒட்டிய நாடாவோடு அடுக்கியிருந்தன. நான் தட்டினேன்: பெட்டி, நான்கு, இன்னும் திறக்கவில்லை. அடுத்த வரி: தலைவர் கைப்பேசியில் பேசியது, இரண்டு முறை, யாரிடம்? அடுத்தது: வெளியே நிற்கும் வெள்ளைக் கார், ஒன்று, யாருடையது? மூன்று வரியையும் பார்த்தபோது தொழிற்சாலைத் தாள் மாதிரியே ஒழுங்காக இருந்தது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன்.

அடுத்த வாரம் அந்தப் பெட்டிகளைப் பிரித்தார்கள். அக்கா பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினார். “பையத் தூக்கு, ஃபில்டர் வருது.” உள்ளே இருந்தது கோலப்பொடி. சிவப்பு, பச்சை, ஊதா என்று பொட்டலம் பொட்டலமாக எடுத்து வைத்தார்கள்.

“கோலப்பொடி அக்கா.”

“மேல கோலப்பொடி. அடியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

அடியிலும் கோலப்பொடிதான். ஆனாலும் அன்றைய அட்டவணையில் நான் ‘கோலப்பொடி, நான்கு பெட்டி, யார் வாங்கிக் கொடுத்தது?’ என்று போட்டேன்.

அந்த வாரத்திலிருந்து டீச்சர் படம் எடுக்கத் தொடங்கினாள். பேஸ்புக்கில் போடுவதற்காம். எங்கள் தாமானில் ஒருத்தியின் படம் அவளுக்கே தெரியாமல் உடம்பு இளைக்கும் தேநீர் விளம்பரத்தில் வந்து, அவள் இரண்டு மாதம் கோயிலுக்கு வராமல் இருந்தாள். டீச்சர் கைப்பேசியைத் தூக்கும்போதெல்லாம் நான் பேனாவைத் தேடுகிற மாதிரி குனிவேன், இல்லையென்றால் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன்.

நான்காவது வாரம் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் திரையை அரை மூடியாகச் சாய்த்தேன்.

“அக்கா கை வேகமா இருக்கு. நீங்க க்யூசியில வேலை பாக்கறீங்கதானே?”

என் வேலையைப் பற்றி நான் அங்கே ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. இவளுக்கு யார் சொன்னது? விசாரித்திருக்கிறாளா? “ம்” என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து உடை மாற்றும்போதுதான் பார்த்தேன். நான் போட்டிருந்தது தொழிற்சாலை டீ சட்டை. முதுகில் ‘க்யூசி’ என்று பிரிவின் பெயர் உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகியிருந்தது.

இதைக் கேட்டு என் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அந்தப் புள்ள உன்னை வச்சு என்ன பண்ணப் போவுது? உன் முழங்காலத் திருடிட்டுப் போவுமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்தாவது வாரம் அக்காவால் பொறுக்க முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் நேராகவே கேட்டுவிட்டார்.

“டீச்சர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்கு இதுல என்ன கெடைக்குது?”

“ஒண்ணும் இல்ல அக்கா. வாரம் முழுக்க பாலத்துல ஜாம்ல நிக்கிறேன். ரூம்ல வந்து படுக்கறேன். சனிக்கிழமையாச்சும் நாலு பேரோட பேசலாம்னுதான்.”

திரும்பி வரும் வழியில் அக்கா சொன்னார்: “இதை நீ நம்பற? அதுக்கு மாப்பிள்ள தேடறாங்க. தாமான்ல எந்த வீட்ல பையன் இருக்கான்னு பாக்க வந்திருக்கு.”

“நம்மகிட்ட யாரும் அப்படிக் கேக்கலையேக்கா.”

“கேப்பாங்க, பாரு. கோலப் போட்டியில கேப்பாங்க.”

கோலப் போட்டியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்கா ஒரு மயில் போட்டு மூன்றாவது பரிசு வாங்கினார். ஆனால் மேடைக்குப் பின்னால் சுருட்டிய பதாகை ஒன்று சாய்த்து வைத்திருந்ததை இருவரும் பார்த்தோம். அதன் ஓரத்தில் ஒரு ஆணின் காதும் பாதிக் கன்னமும் தெரிந்தன. தேர்தல் வரும் என்று ஊரில் பேச்சு. அடுத்த சனிக்கிழமை என் அட்டவணையில் கடைசி வரிகள் இவை: சுருட்டிய பதாகை, ஒன்று, யார் முகம்? டீச்சர், ஒருத்தி, ஏன் சும்மா சொல்லிக்கொடுக்கிறாள், இன்னும் தெரியவில்லை.

அதுதான் ஆறாவது வாரம். கிளம்பும்போது டீச்சர் பதிவுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள்.

“அக்கா, சான்றிதழ் அடிக்கக் குடுக்கறேன். ஐ.சி.யில உள்ள முழுப் பேரும் நம்பரும் வேணும். நீங்க மட்டும்தான் எழுதல.”

“எழுதியிருக்கிறது போதும்” என்றேன்.

“ஐ.சி.யிலயும் இதே பேர்தானா?”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலில் என் நாற்காலியை நானே தள்ளிவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருக்கிறது என்றுதான் அப்போதும் யோசித்தேன்.

நிறைவு நாளில் பதாகையை விரித்தார்கள். அதிலிருந்த முகத்துக்குச் சொந்தக்காரர் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். நாடகத்துக்காகப் பிள்ளைகள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு காத்திருக்க, தான் செய்த நன்மைகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கோலப்பொடி அவர் உபயம் என்றார். அக்கா என் தொடையில் தட்டி, “பாத்தியா? நான் சொன்னேன்ல?” என்றார். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்காகத்தானா என்று மூச்சு விட்டேன். பிறகு என் வீட்டுப் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். கூச்சத்தில் காலைப் பார்த்தபடியே போய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

“இது யாரோட சர்ட்டிபிகேட் அக்கா?”

“என்னோடதுதான்.”

“பேரு வேறயா இருக்கே. ஐ.சி. நம்பரும் இல்ல.”

“அது வீட்டுப் பேரு தம்பி.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “எனக்குப் புரியுது. எங்க அம்மாவுக்கும் ரெண்டு பேருதான். ஆனா ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்? வேற ஒருத்தரோடத வாங்கிட்டு வந்துட்டீங்கன்னுதான் நெனப்பாங்க. வர்ற திங்களுக்குள்ள சரியான பேர்ல கொண்டாங்க. அதுக்கப்புறம் லிஸ்ட் போயிரும்.”

யாரைக் கேட்பது? டீச்சரின் எண்ணை நான் வாங்கவில்லை. என்னுடைய எண்ணையும் தப்பாகக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை காலை அடுத்த நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச மண்டபத்தில் கூடுவார்கள் என்று அக்கா விசாரித்துச் சொன்னார். அந்த வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது, அதன் கைப்பிடியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மண்டபத்தில் டீச்சரும் தலைவரும் இருந்தார்கள். சுவரிலிருந்து ஓவியங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். டீச்சர் உடனே, “அதுக்கென்ன, மாத்தி அடிச்சுத் தரேன்” என்றாள். தலைவர் கையை உயர்த்தினார்.

“பொறுங்கோ. இந்தப் பேருக்குரிய ஆள் இவதான் எண்டு என்ன அத்தாட்சி?”

“ஐயா, நான்தான் கிளாஸ் எடுத்தேன். எனக்குத் தெரியும்.”

“போன வருசமும் உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நான் கையெழுத்துப் போட்டனான். வராத பொம்பிளைக்கு வந்தவ எண்டு பத்துப் பேர் சாட்சி சொன்னவை. பத்தும் பொய். அவ வேலைக்குப் போன கம்பெனிக்காரன் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்வி இப்பவும் காதுக்குள்ள நிக்குது.”

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

அக்கா, “நான் சாட்சி சொல்றேன், ஆறு வாரமும் வந்திருந்தா” என்றார்.

தலைவர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். “உங்கட பேரும் இதில இல்லையே.”

“நான் சும்மா பாக்க வந்தேன்.”

“ஆறு கிழமையும் சும்மா பாக்க வந்தனீங்களோ?”

அக்கா வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தலைவர் புத்தகத்தில் இருந்த என் கைப்பேசி எண்ணை அழைத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினார். என் கைப்பை அமைதியாக இருந்தது. மறுமுனையில் ஒரு சீனர் எடுத்து, பின்னால் வாணலிச் சத்தத்தோடு, “சாலா நம்பர் லா!” என்று கத்திவிட்டு வைத்தார். தப்பான எண் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தலைவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வாரமாக நான் அவரைப் பார்த்த பார்வை அது.

டீச்சர் தன் கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். “ஐயா, இதைப் பாருங்க. இந்தத் தூணுக்குப் பின்னால ஒரு கை தெரியுதுல்ல, அது அக்காதான்.”

“கைக்குச் சர்ட்டிபிகேட் குடுக்க ஏலாது, பிள்ளை.”

என் கண் அலமாரிப் பக்கம் போனது. மடிக்கணினிகள் அங்கேதான் அடுக்கியிருந்தன. நான்காம் எண்ணுள்ளது மேலிருந்து இரண்டாவது. அதற்குள் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் செய்து பூட்டிய கோப்புகள் இருந்தன. எந்த நாளில் செய்தது என்று கணினியே குறித்து வைத்திருக்கும். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைவிடப் பெரிய அத்தாட்சி கிடையாது. ஆனால் திறந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறேன் என்பதை இவர்கள் இருவரும் படிப்பார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். வாசல்வரை பத்தடி இருக்கும். என் முழங்கால் ஏற்கெனவே வலிக்கத் தொடங்கியிருந்தது. அங்கே வந்து நின்று இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது.

“நாலாம் நம்பர் கம்ப்யூட்டர எடுங்க டீச்சர்” என்றேன். “அதுல என் பாடம் இருக்கு. பாஸ்வர்ட் போட்டுப் பூட்டியிருக்கேன்.”

அவள் எடுத்து வைத்தாள். நான் உட்கார்ந்தேன். முதல் முறை தப்பாக அடித்தேன். இரண்டாம் முறை திறந்தது. ஐந்து கோப்பு, ஐந்து சனிக்கிழமை. ஒவ்வொன்றாகத் திறந்து வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். தலைவர் பின்னாலிருந்து குனிந்து, வரியின் மேல் விரலை ஓட்டி, வாய்விட்டே படித்தார்.

“பெட்டி, நாலு, இன்னும் திறக்கவில்லை. தலைவர் கைப்பேசியில் பேசியது, இரண்டு முறை, யாரிடம்...” நிறுத்தினார். “அது என்ர மனிசியோட. மீன் வாங்கச் சொன்னவ.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்து படித்தார். வெள்ளைக் கார். கோலப்பொடி. தலைவர் விளக்குகளை எண்ணுவது ஏன். பதாகை. கடைசி வரியை அவர் படிக்கவில்லை, டீச்சரே படித்துவிட்டாள். அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படியே எழுந்து போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

தலைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “இவ வந்திருக்கிறா. நாங்கள் பார்த்ததைவிட வடிவாப் பாத்திருக்கிறா. அடியுங்கோ, நான் கையெழுத்துப் போடுறன்.” பிறகு என்னிடம், “கரண்ட் பில் சங்கத்துக்கு வரும், பிள்ளை. அதுதான் விளக்கை எண்ணினனான்” என்றார்.

டீச்சர் என் ஐ.சி.யைக் கேட்டாள். பர்சிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைப் பார்த்து அடித்தாள், எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தாள், உடனே திருப்பிக் கொடுத்தாள். பிரின்டர் தாளை இழுக்கத் தொடங்கியது.

“டீச்சர், அந்தக் கடைசி வரி...” என்று தொடங்கினேன்.

“பரவால்லக்கா. எங்க அம்மாவும் இதையேதான் கேக்கறாங்க. ஏன் சும்மா போறேன்னு.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நான்காம் எண் கணினியில் இருந்த அந்த ஐந்து கோப்புகளையும் அவள் முன்னாலேயே அழித்தேன். அப்படிச் செய்தால் அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். புரிந்ததா என்று தெரியாது. வெளியே வந்ததும் அக்கா, “ஐ.சி.ய கையிலயே குடுத்துட்டியே!” என்றார். நான் சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் சான்றிதழையும் என் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டார். “ஓகே அக்கா” என்று தலையாட்டினார். அவர் அதை நகலெடுத்துக் கோப்பில் வைத்து மூடும்வரை அங்கேயே நின்றேன்.

ஜனவரியில் டேப்லெட் வந்தது. பரிசோதனைப் பிரிவில் நாங்கள் நான்கு பேர்தான் மிஞ்சினோம். மற்றவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேக்கிங்கில் நிற்பது இங்கிருந்தே தெரியும். முதல் நாள் நான் திரையில் குறித்த ஒவ்வொரு தட்டுச் சாமானுக்கும், மேசைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் ஒரு கோடும் போட்டுக்கொண்டேன். சூப்பர்வைசர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“என்னக்கா இது, மெஷின நம்ப மாட்டீங்களா?”

“பாக்கலாம் தம்பி” என்றேன். முழங்காலை மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, அடுத்த தட்டை விளக்குப் பக்கம் இழுத்தேன்.